பாறையில் அடைபட்ட எரிவாயுவும் ஊர்க் கிணற்று நீரும்

சித்தூரிலிருந்து மொகிலிக் கணவாய் ஏறி மேற்கே பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் பலமனேர் அமைந்துள்ளது. தக்காளியும் மல்பெரியும் பயிராகும் இந்த மேட்டு நிலத்தில் விவசாயம் பெரும்பாலும் ஆழ்துளைக் கிணறுகளையே நம்பியிருக்கிறது. இத்தகைய கடும்பாறைப் பகுதிகளில் கிணற்றின் ஊற்று குறைந்துவிட்டால், அதற்குள் நீரை மிகுந்த அழுத்தத்தில் செலுத்திப் பாறையின் அடைபட்ட பிளவுகளைத் திறந்துவிடும் முறை ஒன்று உண்டு. குடிநீர்த் திட்டங்களைக் கவனிக்கும் துறையினர் இதனை ஹைட்ரோபிராக்சரிங் என்பர். காவிரி டெல்டாவில் எரிவாயு எடுக்கும் திட்டங்களைப் பற்றிய செய்திகளில் அடிபட்டதும் இதே சொல்லேயாகும். இயந்திரம் ஊருக்குள் வந்து நிற்கும்போது, "இங்கேயும் மீதேன் எடுக்கப் போகிறார்களா?" என்று பொதுமக்கள் கேட்பது இயல்பு. அக்கேள்வி முதலில் வந்து சேருவது களப்பணியாளரிடமும் பள்ளி ஆசிரியரிடமும்தான். "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்ற விடை அச்சத்தைப் போக்குவதில்லை. பாறையைக் கொண்டு விளக்கும் விடையே மனத்தில் நிற்கும்.

எரிவாயு எந்த நிலத்திலும் கிடைப்பதன்று. பண்டைக் காலத்துச் செடிகொடிகளும் நுண்ணுயிர்களும் மண்ணோடு புதைந்து, அவற்றின்மேல் மணலும் சேறும் அடுக்கடுக்காகப் படிந்து, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் சிதைவுற்ற இடங்களிலேயே அது உண்டாகிறது. அதாவது, படிவுப் பாறை இருக்கவேண்டும். அப்பாறையில் உயிர்ப்பொருளும் இருந்திருக்கவேண்டும். பலமனேரின் அடியில் இருப்பவையோ கருங்கல்லும் நைஸ் என்னும் வரிப்பாறையும் ஆகும். இவை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், நிலத்தில் ஒரு புல்லும் முளைத்திராத காலத்தில் உருவானவை. இதற்கு அண்மைச் சான்று ஒன்று உண்டு. பலமனேருக்கு மேற்கே உள்ள கோலார் தங்கச் சுரங்கம் 2001-இல் மூடப்படுவதற்குள் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம்வரை வெட்டப்பட்டிருந்தது. அவ்வளவு ஆழத்திலும் கண்டது கடும்பாறையே. நிலக்கரியோ எண்ணெய்ப் படிவமோ அங்கு இல்லை. ஆகவே பலமனேரில் எரிவாயுவுக்காகத் துளையிட எவருக்கும் காரணம் இல்லை. அங்கே நடப்பது நீருக்கான துளையே.

ஆனால் மலையிலிருந்து இறங்கிக் கிழக்குக் கடற்கரையை அடைந்தால் நிலைமை வேறு. கோதாவரி, கிருஷ்ணை, காவிரி ஆகிய ஆறுகளின் முகத்துவாரங்களில் சில ஆயிரம் மீட்டர் கனத்துக்குப் படிவுப் பாறைகள் உள்ளன. அங்கே எண்ணெயும் எரிவாயுவும் உண்டு என்பது பல பத்தாண்டுகளாக அறிந்த செய்தி. காவிரிப் படுகையில் எண்ணெய், இயற்கை எரிவாயுக் கழகத்தின் தேடுதல் 1960-களிலேயே தொடங்கிவிட்டது. அப்படியிருக்க, அண்மைக் காலத்தில் மட்டும் இத்துணைக் கிளர்ச்சி எழுந்தது ஏன் என்று கேட்கலாம். எடுக்கும் முறை மாறியதே அதற்கு முதற்காரணம்.

பழைய முறையில் எடுக்கப்படும் வாயு மணற்கல் போன்ற நுண்துளைப் பாறையில் திரண்டிருக்கிறது. அதன்மேல் வாயு புகாத பாறையொன்று மூடிபோல் அமைந்திருக்கும். அம்மூடியைத் துளைத்தால் வாயு தன் அழுத்தத்தாலேயே மேலே வரும். ஒரு கிணறு பரந்த பகுதியின் வாயுவை வெளிக்கொணரும். புதிய முறைகள் நாடுவது இவ்வாறு திரண்ட வாயுவையன்று. பாறைக்குள்ளேயே பிடிபட்டு நகரமாட்டாது கிடக்கும் வாயுவை. அது தானாக வராது, வரவழைக்கவேண்டும். ஒரு கிணறு சிறிய பகுதிக்கே போதுமாகையால் கிணறுகளும் பலவாக வேண்டும். கிணறுகள் பெருகப் பெருக, அவை கடந்து செல்லும் ஊற்றுப் படுகைகளும், அவற்றை இணைக்கும் குழாய்களும், கழிவுநீர்த் தொட்டிகளும் பெருகும். அபாயம் பற்றிய கணக்கு இங்கிருந்தே தொடங்குகிறது.

இம்முறைகளில் இரண்டு முக்கியமானவை. பொதுமக்கள் பேச்சில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ஆனால் நீரைப் பொறுத்தவரை அவை நேர் எதிரானவை: ஒன்று நிலத்தடி நீரை வெளியே இறைக்கிறது, மற்றொன்று நீரை உள்ளே செலுத்துகிறது.

முதலாவது நிலக்கரிப் படுகை மீதேன். நிலக்கரியின் நுண்ணிய பரப்புகளில் மீதேன் மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கரியின் பிளவுகளில் நிறைந்துள்ள நீரின் அழுத்தமே அவற்றை அங்கே தக்கவைத்திருக்கிறது. அந்நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால் வாயு கரியிலிருந்து விடுபட்டுக் கிணற்றுக்கு வரும். சோடாப் புட்டியின் மூடியைத் திறந்ததும் குமிழிகள் எழுவதை வகுப்பில் காட்டினால் மாணவர்க்கு இது எளிதில் விளங்கும். கிணறு தோண்டிய தொடக்க மாதங்களில் வெளிவருவது பெரும்பாலும் நீரே. வாயு பின்னரே வரும். வெளிவரும் நீர் பல இடங்களில் உவர்நீராக இருக்கும். இந்தியாவில் இதற்கான கொள்கை 1997-இல் வகுக்கப்பட்டது. மேற்கு வங்காளத்தின் ராணிகஞ்ச் நிலக்கரி வயலில் கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி கார்ப்பொரேஷன் என்னும் நிறுவனம் 2007-இல் வணிக அளவில் உற்பத்தியைத் தொடங்கியது.

அதே நிறுவனத்திற்குத்தான் 2010-இல் மன்னார்குடி வட்டாரம் ஒதுக்கப்பட்டது. தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களில் அறுநூறு சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு அது. நிலத்தின் ஆழத்தில் பழுப்பு நிலக்கரி பெருமளவில் இருப்பது முன்பே கண்டறியப்பட்டிருந்தது. 2011 ஜனவரியில் மாநில அரசும் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது. ராணிகஞ்சுக்கும் மன்னார்குடிக்கும் உள்ள வேறுபாடு அப்போது போதிய அளவு பேசப்படவில்லை என்றே சொல்லவேண்டும். ராணிகஞ்ச் நூறாண்டுகளுக்கும் மேலாகச் சுரங்கம் நடந்துவந்த தொழிற்பகுதி. மன்னார்குடியோ நெல்வயல், கடல் தொலைவில் இல்லை, மேலும் மேட்டூர் நீர் தாமதமாகும் ஆண்டுகளில் நாற்றங்காலைக் காப்பது நிலத்தடி நீரேயாகும்.

பழுப்பு நிலக்கரியும் நீரும் எவ்வளவு நெருங்கியவை என்பதைத் தமிழ்நாடு நெய்வேலியில் முன்னரே கண்டிருந்தது. 1950-களில் அங்குச் சுரங்கம் வெட்டத் தொடங்கியபோது, கரிப் படுகைக்கு அடியிலிருந்த ஊற்று மேல்நோக்கி அழுத்தியது. சுரங்கத்தின் தளம் பிளந்து நீர் பொங்காதிருக்க, இரவும் பகலும் இடைவிடாது இறைக்கவேண்டியதாயிற்று. ஒரு டன் கரிக்குப் பல டன் நீர் வெளியேற்றப்படும் நிலை அது. நெய்வேலிச் சுரங்கமும் மீதேன் கிணறும் ஒன்றல்ல என்பது உண்மையே. ஆயினும் கரியைத் தொட்டால் நீரையும் தொடவேண்டும் என்னும் பாடம் இரண்டிற்கும் பொதுவானது. டெல்டாவில் நன்னீர் மட்டம் தாழ்ந்தால் கடலின் உவர்நீர் உட்புகும். இறைத்த உவர்நீரை வாய்க்காலில் விட்டால் மண் கெடும். படுகையின் அழுத்தம் குறைந்தால் நிலம் தாழவும் கூடும். விவசாயிகள் எழுப்பிய கேள்விகள் இவையே. இயற்கை வேளாண்மை அறிஞர் கோ. நம்மாழ்வார் இத்திட்டத்திற்கு எதிராக ஊர் ஊராகச் சென்று பேசிவந்தார். 2013 டிசம்பர் 30-ஆம் நாள் பட்டுக்கோட்டைக்கு அருகே அத்திவெட்டியில் அவ்வாறு தங்கியிருந்தபோதே காலமானார். அதற்கு முன்னரே, 2013 ஜூலையில், மாநில அரசு பணிகளை நிறுத்திவைத்து வல்லுநர் குழுவொன்றை அமைத்திருந்தது. குழுவின் ஆய்வுக்குப் பின் 2015 அக்டோபரில் திட்டத்திற்கு அனுமதி மறுக்கப்பட்டது.

இரண்டாவது முறை ஷேல் என்னும் களிப்பாறையிலிருந்து வாயு எடுப்பது. இப்பாறை மிக இறுக்கமானது. வாயு அதன் நுண்துளைகளில் சிறைப்பட்டிருக்கும். இதற்குக் கிணற்றை முதலில் செங்குத்தாக இறக்கி, ஓரிரு கிலோமீட்டருக்கும் கீழே களிப்பாறையை அடைந்ததும் கிடைமட்டமாகத் திருப்புவர். பின் நீர், மணல், ரசாயனப் பொருள்கள் ஆகியவற்றின் கலவையைப் பெரும் அழுத்தத்தில் செலுத்திப் பாறையை விரிசலுறச் செய்வர். அழுத்தம் நீங்கியபின் விரிசல் மூடிக்கொள்ளாதவாறு மணல் முட்டுக்கொடுத்து நிற்கும். அமெரிக்காவில் இவ்விரிசல் முறை முதன்முதலாக 1947-இல் கன்சாஸ் மாநிலத்தில் சோதிக்கப்பட்டது. கிடைமட்டத் துளையோடு சேர்ந்து அது பெருந்தொழிலாக மாறியது இந்நூற்றாண்டில்தான்.

அளவைச் சொன்னால்தான் வேறுபாடு விளங்கும். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் கணக்குப்படி இத்தகைய ஒரு கிணற்றுக்கு 57 லட்சம் லிட்டரிலிருந்து 6 கோடி லிட்டர்வரை நீர் செலவாகிறது. பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகளில் ஏற்றினால் இது 570 லாரி முதல் 6,000 லாரிவரை ஆகும். கலவையில் ரசாயனப் பொருள்கள் நூற்றுக்கு ஒரு பங்கு அளவிலேயே உள்ளன என்று கூறப்படுவதுண்டு. அது பொய்யன்று. ஆனால் ஒரு கோடி லிட்டரில் நூற்றுக்கு ஒன்று என்பது ஒரு லட்சம் லிட்டர், அதாவது பத்து லாரி. விழுக்காட்டைச் சொல்லுமிடத்தில் மொத்த அளவையும் கேட்கும் பழக்கத்தைக் கணக்கு வகுப்பிலேயே ஊட்டலாம்.

பலமனேரின் ஹைட்ரோபிராக்சரிங் இதனின்றும் வேறுபட்டது. பாறை பிளவுபடுவதற்கு அழுத்தமான நீரைப் பயன்படுத்தும் தத்துவம் ஒன்றே. ஆனால் நீர்க்கிணற்றில் செலுத்துவது வெறும் நீர். ரசாயனக் கலவை அன்று. ஆழமும் நீரின் அளவும் மிகக் குறைவு. நோக்கமோ அருகிலுள்ள ஊற்றுப் பிளவுகளைக் கிணற்றோடு இணைப்பது மட்டுமே. கத்தி என்னும் சொல் ஒன்றே ஆயினும் காய் நறுக்குவதற்கும் மரம் வெட்டுவதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது.

விரிசல் முறை குடிநீரைக் கெடுக்குமா என்னும் வினாவிற்கு இருதரப்பிலும் மிகைப்பட்ட விடைகள் உலவுகின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2016 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, சில சூழ்நிலைகளில் இத்தொழிலின் செயல்கள் குடிநீர் ஆதாரங்களைப் பாதிக்கக்கூடும் என்று முடிவுசெய்தது. அச்சூழ்நிலைகள் எவை என்பதே கவனிக்கத்தக்கது. ஆழத்தில் உண்டான விரிசல் ஆயிரம் மீட்டருக்கு மேல் நீண்டு ஊர்க்கிணற்றைத் தொடுவது அரிது. பழுது பெரும்பாலும் அதைவிட எளிய இடங்களிலேயே நேர்கிறது.

அவற்றுள் முதன்மையானது கிணற்றின் உறைக்குழாய். எரிவாயுக் கிணறு எதுவாயினும் மேலேயுள்ள நன்னீர்ப் படுகையைத் துளைத்துக்கொண்டே கீழே செல்லவேண்டும். அந்த இடத்தில் எஃகுக் குழாயையும், குழாய்க்கும் மண்ணுக்கும் இடையே சிமெண்டுப் பூச்சையும் அமைத்து நன்னீரைப் பிரித்துவைப்பர். சிமெண்டு சரியாக நிரம்பாவிட்டாலோ, ஆண்டுகள் கழிந்து வெடித்தாலோ, அந்த இடுக்கு வழியே வாயு மேலேறி ஊற்றில் கலக்கும். நீர்க்கிணற்றின் கேசிங் குழாய் இறுக்கமாக அமையாவிட்டால் மேல்மண்ணின் கலங்கல் நீர் உள்ளிறங்குவதைப் பலமனேர் விவசாயி அறிவார். இதுவும் அதே பழுதுதான். திசை மட்டும் மாறி, கீழிருந்து மேலேறுகிறது. வாயு எடுத்து முடித்துக் கைவிடப்பட்ட கிணறும் அதே துளைதான். அதன் சிமெண்டுக்கு எத்தனை ஆண்டு எவர் பொறுப்பு என்பது ஒப்பந்தப் பேச்சின்போதே கேட்கப்படவேண்டிய கேள்வி. ஆனால் அப்போது பெரும்பாலும் வாயுவின் அளவே பேசப்படுகிறது.

அடுத்தது, மேலே திரும்பிவரும் கழிவுநீர். அதில் செலுத்திய ரசாயனத்தோடு பாறையிலிருந்து கரைந்த உப்பும், சில இடங்களில் கதிரியக்கப் பொருள்களும் சேர்ந்திருக்கும். தொட்டி உடைந்தாலோ லாரி கவிழ்ந்தாலோ அது நேரே வயலில் பாயும். அதனை மீண்டும் ஆழத்தில் செலுத்தி அகற்றும் இடங்களில் வேறொரு விளைவு கண்டது. ஓக்லகோமா மாநிலத்தில் 2016 செப்டம்பர் 3-ஆம் நாள் பானி என்னும் ஊருக்கு அருகே 5.8 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. எண்ணெய், எரிவாயுக் கழிவுநீரை நிலத்துள் செலுத்தியதே காரணம் என்று ஆய்வாளர் கண்டனர். இங்கிலாந்தில் விரிசல் பணியின்போதே 2019 ஆகஸ்டில் 2.9 அளவில் நிலம் அதிர்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் அரசு அப்பணிக்குத் தடை விதித்தது. பிரான்ஸ் 2011-லேயே சட்டத்தால் தடுத்துவிட்டது.

தீ விபத்தைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. ஆந்திர மாநிலத்தின் கோதாவரிப் பகுதி மக்கள் இரண்டு நிகழ்ச்சிகளை மறக்கமாட்டார்கள். 1995 ஜனவரி 8-ஆம் நாள் பாசர்லபூடியில் துளையிடும்போது கிணறு கட்டுக்கடங்காது பீறிட்டுத் தீப்பற்றி இரண்டு மாதங்களுக்கு மேல் எரிந்தது. 2014 ஜூன் 27 அதிகாலையில் நகரம் என்னும் ஊரில் குழாயிலிருந்து கசிந்த வாயு பரவித் தீப்பற்றி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இவ்விரண்டும் பழைய முறை எரிவாயுவால் நேர்ந்தவை. புதிய முறையின் கணக்கில் சேரா. மீதேன் எம்முறையில் எடுத்தாலும் மீதேனே என்பதற்காகவே இங்குக் குறிக்கப்படுகின்றன. அதற்கு நிறமில்லை, மணமில்லை. வீட்டுச் சிலிண்டரில் உணரும் நாற்றம் எச்சரிக்கைக்காகச் சேர்க்கப்படுவது. காற்றில் நூற்றுக்கு 5 முதல் 15 பங்குவரை மீதேன் கலந்திருந்தால் ஒரு தீப்பொறியால் வெடிக்கும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானதாகையால் தரையில் படரும். மீதேன் இலேசானதாகையால் கூரையடியிலும் மூடிய கிணற்று அறையின் மேற்பகுதியிலும் தங்கும். குழாய் நீரில் வாயுக் குமிழி தென்பட்டால் தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் விளையாட்டை மாணவர்கள் ஒருபோதும் செய்யலாகாது.

திட்டத்தை ஆதரிப்போர் கூறுவதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இந்தியா தனக்கு வேண்டிய இயற்கை எரிவாயுவில் ஏறக்குறைய பாதியை இறக்குமதி செய்கிறது. எரிக்கும்போது நிலக்கரியைவிட எரிவாயு குறைவான புகையே தரும். இவை சரியான வாதங்களே. ஆனால் வாயுவை வேறிடத்திலிருந்து வரவழைக்க முடியும். டெல்டாவின் ஊற்றுக்கு மாற்று இல்லை. இவ்வேற்றுமையை ஏற்றே தமிழ்நாடு 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. அம்மண்டலத்தில் நிலக்கரிப் படுகை மீதேன், ஷேல் வாயு உள்ளிட்ட ஹைட்ரோகார்பன்களுக்கான புதிய தேடுதலும் துளையிடலும் தடுக்கப்பட்டுள்ளன. முன்பே நடந்துவரும் பணிகள் இத்தடையில் அடங்கா.

"ஹைட்ரோகார்பன்" என்ற பொதுச்சொல்லையும் விளக்கிவிடுவது நலம். 2016-இல் மத்திய அரசு வகுத்த உரிமக் கொள்கை எண்ணெய், எரிவாயு, நிலக்கரி மீதேன், ஷேல் வாயு அனைத்திற்கும் ஒரே உரிமத்தை ஏற்படுத்தியது. அதனால் பெயரைக்கொண்டு முறையை அறியமுடியாது. 2017-இல் நெடுவாசலில் மக்கள் திரண்டதற்கு இக்குழப்பமும் ஒரு காரணம். மேலும் 2020 ஜனவரி அறிவிக்கையின்படி தேடுதல் கிணறுகளுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை. உற்பத்தி நிலைக்கு அது உண்டு. கூட்டம் நடக்குமாயின் முப்பது நாள் முன்னறிவிப்பும், வட்டார மொழியில் அறிக்கைச் சுருக்கமும் கிடைக்கவேண்டும். அச்சுருக்கத்தை வாசித்து, எந்த முறை, எத்தனை கிணறு, எவ்வளவு நீர், கழிவுநீர் எங்கே செல்கிறது என்னும் நான்கை ஊராருக்கு எடுத்துச் சொல்வது ஆசிரியரால் இயலும்.

கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30-ஆம் நாள் எண்ணெய்க் குழாயில் கசிவு ஏற்பட்டபோது, நிலத்தடி நீர் கெட்டுவிட்டது என்று ஊர்மக்கள் கூறினர், நிறுவனம் மறுத்தது. இத்தகைய வழக்குகளில் எல்லாம் தீர்ப்புக்கு வேண்டிய சான்று ஒன்றே: கிணறு தோண்டுவதற்கு முன் நீர் எப்படி இருந்தது என்னும் பதிவு. இயற்கையாகவே சில ஊற்றுகளில் மீதேன் இருப்பதுண்டு. சில உவர்ப்பாக இருப்பதுண்டு. முன்பதிவு இல்லாவிட்டால் எவர் சொல்வதும் மெய்ப்பிக்கப்படாது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளில் ஆண்டுக்கு நான்கு முறை நீர்மட்டத்தை அளக்கிறது. ஊர்ப்பள்ளியின் பதிவேடு அதற்கு மாற்று ஆகாது. அதன் இடைவெளியை நிரப்பும்.

பதிவேட்டில் கிணறு இருக்கும் இடம், ஆழம், கேசிங் குழாயின் நீளம், நீர்மட்டம், நாள், கடைசியாக மழை பெய்த நாள் ஆகியவை இருக்கவேண்டும். நீரின் மொத்தக் கரைபொருளும் குளோரைடும் முதலில் அளக்கத்தக்கவை. குடிநீர்க்கான இந்தியத் தரநிர்ணயம் கரைபொருளுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமையும் குளோரைடுக்கு 250 மில்லிகிராமையும் ஏற்கத்தக்க வரம்பாகக் கூறுகிறது. வேறு நீர் இல்லாவிடத்து முறையே 2,000, 1,000 வரை அனுமதிக்கிறது. கரைபொருளைக் காட்டும் சிறு கருவி பள்ளி ஆய்வகத்திற்கு எட்டாத விலையுடையதன்று. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஒருமுறையேனும் அளந்தால், இயல்பான ஏற்ற இறக்கம் இரண்டு மூன்று ஆண்டுகளில் தெரியவரும். மீதேனை அளக்கத் தேர்ந்த ஆய்வகம் தேவை. அந்த வாயு சதுப்பில் உண்டானதா, ஆழ்பாறையிலிருந்து ஏறியதா என்பதைக் கரியணுக்களின் வகையைக் கொண்டு அங்கே பிரித்தறிவர்.

எரிவாயு அச்சமற்ற பலமனேரிலும் இப்பதிவேடு வீண்போகாது. போர் வண்டி புதிய கிணறு தோண்டும்போதும், பழைய கிணற்றில் அழுத்த நீர் செலுத்தும்போதும், அக்கம்பக்கத்துக் கிணறுகளின் மட்டத்தை முந்திய நாளும் ஒரு வாரம் கழித்தும் குறித்துவைத்தால், ஒருவர் கிணறு மற்றவர் ஊற்றை இழுத்ததா என்னும் சச்சரவுக்கு விடை கிடைக்கும். நீர் எடுக்குமுன் மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டுக் குழாயில் தேங்கிய நீரை வெளியேற்றவேண்டும். புட்டியை அதே நீரால் மும்முறை அலம்பி, காற்று இடைவெளியின்றி விளிம்புவரை நிரப்பி மூடி, கிணற்றின் எண்ணையும் நேரத்தையும் அங்கேயே எழுதி ஒட்டவேண்டும்.